டிவி வாங்குமுன் மற்றவர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே டிவி மாடலைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருப்பார்கள். ஒருவர் “கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது” என்பார். அடுத்தவர் “இருட்டுக் காட்சி வந்தால் யார் யாரென்றே தெரியவில்லை, காசு தண்டம்” என்பார். புதிதாக வாங்கப் போகிறவருக்குத் தலை சுற்றும். இதில் யார் பொய் சொல்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ப்ளூ-ரே டிஸ்க்கில் பார்த்திருப்பார். இரண்டாமவர் ஜன்னலுக்கு எதிரே டிவியை மாட்டி, பட்டப்பகலில், திக்கித் திணறும் இணையத்தில் பார்த்திருப்பார்.

ஆக, ஒரு கருத்து உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: எழுதியவர் எதிலிருந்து பார்த்தார், எந்த அறையில் பார்த்தார், டிவியை எந்த செட்டிங்கில் வைத்திருந்தார். இது எதுவும் இல்லாத கருத்து ஐந்து நட்சத்திரமானாலும் ஒரு நட்சத்திரமானாலும் தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்தவரை எடைபோடும் முன் இதே கேள்விகளுக்கு உங்கள் பதில் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, வாரத்தில் டிவி ஓடும் நேரம் எதில் கழிகிறது என்று எழுதிப் பாருங்கள். செய்தி சேனலா, விளையாட்டா, ஓடிடியா, அலமாரியில் இருக்கும் பழைய டிவிடிகளா, கேமா? இதைச் செய்யாமல் “நல்ல டிவி எது?” என்று கேட்பதில் அர்த்தமில்லை.

காரணம் எளிய கணக்குதான். டிவிடியில் ஒரு பிரேம் 720×576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே டிவியின் திரை 3840×2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் சரியாக 20 வரும். டிவிடியில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் இருபது இடங்களை நிரப்ப வேண்டும். ஒன்று கையில் இருக்கிறது, மீதிப் பத்தொன்பதை டிவி ஊகித்து வரைகிறது. சில நாடுகளில் வந்த 720×480 டிவிடி என்றால் இன்னும் மோசம், ஒன்றுக்கு இருபத்துநான்கு. இந்த ஊகிக்கும் வேலைக்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். இதில் டிவிக்கு டிவி பெரிய வித்தியாசம் உண்டு.

அதனால் “4கே டிவி வாங்கினேன், பழைய டிவியைவிடப் படம் மங்கலாக இருக்கிறது” என்ற புகாரைப் பார்த்தால், அவர் குறைந்த தரச் சேனலையோ டிவிடியையோ பெரிய திரையில் பார்த்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். உங்கள் தாளில் செய்தி சேனலும் டிவிடியும்தான் அதிகம் என்றால் அந்தப் புகார் உங்களுக்கு மிக முக்கியம். டிஸ்க்கும் 4கே ஓடிடியும்தான் என்றால் அது உங்களைப் பற்றியதே இல்லை.

படி 2: அறையை அளந்து பாருங்கள்

உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளங்கள். கண்ணளவு வேண்டாம். சினிமா போல வேண்டுமென்றால் திரையின் மூலைவிட்ட அளவில் 1.2 மடங்கு தூரம். சாதாரணமாகப் பார்க்க 1.6 மடங்கு. முதலாவதில் திரை உங்கள் பார்வையில் சுமார் 40 டிகிரி அகலத்தை எடுத்துக்கொள்ளும், இரண்டாவதில் சுமார் 30 டிகிரி. 65 அங்குல டிவியின் மூலைவிட்டம் 165 செ.மீ. என்பதால் அதற்கு 2 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை சரியான தூரம். 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 43 அங்குலத் திரையைப் பார்ப்பவர் “முழு ஹெச்டியான 1080பி-க்கும் 4கே-க்கும் எந்த வித்தியாசமும் இல்லை, எல்லாம் ஏமாற்று” என்று எழுதினால் அவர் சொல்வது அவர் சோபாவுக்குப் பொருந்தும். அந்தத் தூரத்தில் கண்ணால் அத்தனை புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது.

அடுத்தது வெளிச்சம். நீங்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் திரையில் ஜன்னலோ விளக்கோ பிரதிபலிக்கிறதா என்று பாருங்கள். இப்போதுள்ள டிவி அணைந்திருக்கும்போது அதில் தெரிவதுதான் புதிய டிவியிலும் தெரியும். வெளிச்சமான அறை என்றால் அடுத்த படியில் உங்கள் தேர்வு பாதி முடிந்துவிட்டது.

படி 3: திரை வகையைப் புரிந்துகொள்ளுங்கள்

விளம்பரப் பெயர்கள் எத்தனை இருந்தாலும் கடையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே குடும்பம். ஒன்று எல்சிடி: பின்னால் எல்இடி விளக்கு, முன்னால் ஒளியை விடும் அல்லது மறைக்கும் திரை. இன்னொன்று ஓஎல்இடி: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், வேண்டாதபோது தானே அணையும். “எல்இடி டிவி”, “க்யூஎல்இடி”, “மினி எல்இடி” எல்லாம் முதல் குடும்பம். க்யூஎல்இடி என்பது நிறத்தைத் தெளிவாக்கும் குவாண்டம் டாட் படலம் சேர்த்த எல்சிடி. எழுத்து ஒற்றுமையைப் பார்த்து அதை ஓஎல்இடி என்று நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். பெயரை வைத்தவர்களுக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2022-இல் வந்த க்யூடி-ஓஎல்இடி மட்டும் நிஜமாகவே ஓஎல்இடி குடும்பம்.

இனி, இரண்டைப் பற்றியும் வரும் வழக்கமான புகார்களை அவற்றின் காரணத்தோடு படித்தால் குழப்பம் தீரும்.

“சப்டைட்டிலைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம்.” இது எல்சிடி புகார், ப்ளூமிங் என்பார்கள். பின்விளக்கு பகுதி பகுதியாகத்தான் எரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அந்தப் பகுதி முழுக்க விளக்கு எரிந்தாக வேண்டும். பகுதிகள் அதிகமானால் புகை குறையும். மினி எல்இடி வந்ததே அதற்குத்தான்.

“ஓரத்தில் உட்கார்ந்தால் நிறம் வெளிறுகிறது.” இதுவும் எல்சிடிதான். விஏ வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டுப் பார்வை மோசம். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் நேர்மாறு. இதில் ஒரு பொறி உண்டு: ஒரே மாடலிலேயே 50 அங்குலத்தில் ஒரு பேனலும் 55 அங்குலத்தில் வேறொன்றும் வரக்கூடும். எனவே கருத்து எழுதியவர் எந்த அளவை வாங்கினார் என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

“பகலில் ஒன்றும் தெரியவில்லை.” பெரும்பாலும் ஓஎல்இடி பற்றியது. திரை முழுவதும் வெள்ளையாகும் காட்சியில், பனிமலையோ ஐஸ் ஹாக்கியோ, ஓஎல்இடி தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல மினி எல்இடி அதில் அவ்வளவு குறையாது. இருட்டறையில் கதை தலைகீழ்.

“சேனல் லோகோ திரையில் பதிந்துவிட்டது.” ஓஎல்இடியின் பழைய பயம் இது. பொய் இல்லை, ஆனால் எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. ஆர்டிங்ஸ் என்ற கனடா நாட்டுப் பரிசோதனை நிறுவனம் 2022 கடைசியில் 100 டிவிகளை வாங்கி நீண்ட காலச் சோதனையில் ஓடவிட்டது. ஒரே செய்தி சேனலை மாதக்கணக்கில் காட்டிய ஓஎல்இடி திரைகளில் தடம் பதியத்தான் செய்தது. அதே சோதனையில், விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய எல்சிடிகள் சூட்டில் உள்தகடு வளைந்து பழுதானதும் தெரிய வந்தது. அதாவது ஓஎல்இடிக்குப் பயந்து மெலிந்த எல்சிடிக்கு ஓடுவதில் பாதுகாப்பு ஒன்றுமில்லை. நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடும் வீடென்றால் பின்னால் முழுக்க விளக்கு உள்ள எல்சிடி. மாலையில் படம், தொடர் என்று மாற்றி மாற்றிப் பார்க்கும் வீடென்றால் ஓஎல்இடியைப் பயமில்லாமல் யோசிக்கலாம்.

படி 4: ஹெச்டிஆர் முத்திரையை அப்படியே நம்பாதீர்கள்

ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டும் முறை. பெட்டியில் ஹெச்டிஆர் என்று அச்சிட்டிருப்பதற்கு “அந்த சிக்னலை வாங்கிக்கொள்வேன்” என்பது மட்டுமே பொருள். அதை ஒழுங்காகக் காட்டும் ஒளி திரைக்கு உண்டா என்பது வேறு கேள்வி. ஒளியை நிட்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். பழைய வகைப் படத்தைச் சுமார் 100 நிட்ஸை வைத்து ஸ்டூடியோவில் முடிப்பார்கள். ஹெச்டிஆர் படத்தை 1000 நிட்ஸிலும் சில சமயம் 4000-இலும் முடிக்கிறார்கள். உங்கள் திரை 300 நிட்ஸ்தான் தருமென்றால் மீதியை நசுக்கித்தான் காட்ட முடியும்.

“ஹெச்டிஆர் போட்டால் படம் இருட்டாகிறது” என்ற புகார் ஓயாமல் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணப் படத்தில் வெளிச்சம் ஒப்பீட்டளவு. டிவியின் பிரைட்னஸைக் கூட்டினால் எல்லாம் கூடும். ஹெச்டிஆரின் அடிப்படை வகையான ஹெச்டிஆர்10-இலோ ஒவ்வொரு புள்ளியும் இத்தனை நிட்ஸ் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், அதுவும் இருட்டறையை மனதில் வைத்து. பகல் வெளிச்சத்தில் அந்த அளவு போதாது. 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர்ப் பகுதி வெளியானபோது உலகம் முழுக்க “ஒன்றுமே தெரியவில்லை” என்று கூச்சல் எழுந்தது நினைவிருக்கலாம். அது ஹெச்டிஆரில்கூட ஒளிபரப்பாகவில்லை. அழுத்திச் சுருக்கிய சிக்னலும் வெளிச்சமான அறையும் சேர்ந்தாலே போதும் என்பதற்கு அது சாட்சி. ஒளிப்பதிவாளர் பேபியன் வாக்னர் பார்ப்பவர்களின் டிவி செட்டிங்கையும் ஒளிபரப்பின் சுருக்கத்தையும் காரணம் சொன்னார். பார்த்தவர்கள் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

டால்பி விஷன், ஹெச்டிஆர்10+ சண்டையில் புதியவர்கள் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். இரண்டுமே காட்சிக்குக் காட்சி வெளிச்சக் குறிப்பை மாற்றிக் கொடுக்கும் முறைகள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, அது தெரிந்தால் போதும். டால்பி விஷன் இல்லாத பிரகாசமான டிவி, டால்பி விஷன் உள்ள மங்கல் டிவியைவிடப் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

படி 5: டிஸ்க்கா, ஓடிடியா?

முடிவெடுக்கும் முன் கொஞ்சம் வரலாறு. 1975-இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ டேப் வந்தது. அடுத்த ஆண்டே ஜேவிசியின் விஹெச்எஸ். படம் பீட்டாமேக்ஸில் சற்று நன்று என்று பலரும் சொன்னார்கள். ஆனால் அதன் முதல் டேப்பில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது, விஹெச்எஸ்ஸில் இரண்டு மணி. ஒரு முழு சினிமா ஒரே டேப்பில் அடங்கியதை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் ப்ளூ-ரேவும் ஹெச்டி டிவிடியும் மோதின. வார்னர் ஸ்டூடியோ 2008 ஜனவரியில் ப்ளூ-ரே பக்கம் போனதும், அடுத்த மாதமே தோஷிபா ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது. 3டி டிவி 2010-இல் பெரும் ஆரவாரத்தோடு வந்து, 2017-க்குள் சாம்சங், எல்ஜி, சோனி மூன்றுமே விட்டுவிட்டன. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார யாருக்கும் பொறுமையில்லை. ஒரு வடிவம் பிழைக்குமா என்பதைப் படத்தரத்தைவிட வசதியும், அதில் என்ன படங்கள் கிடைக்கின்றன என்பதும்தான் முடிவு செய்திருக்கின்றன. 4கே-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே டிவியைக் காட்டி விற்பனையாளர் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 8கே-இல் சினிமா டிஸ்க் கடையில் விற்பனைக்கு இல்லை. ஜப்பானில் என்ஹெச்கே தொலைக்காட்சி 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது, மற்றபடி பார்க்க அதிகமில்லை.

இப்போது நம் கேள்வி. ஓடிடியில் 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே டிஸ்க்கில் 50 முதல் 100 ஜிபி வரை இடம் உண்டு, நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் ஓடலாம். இரண்டுமே 4கே என்றுதான் அழைக்கப்படுகின்றன. வித்தியாசம் புகை, மழை, தண்ணீர், இருட்டு வரும்போது தெரியும்: ஓடிடியில் இருட்டுச் சுவர் கட்டம் கட்டமாக உடையும், டிஸ்க்கில் சுவராகவே இருக்கும். ஒலியில் இடைவெளி இன்னும் பெரிது. டிஸ்க்கில் எதையும் இழக்காத ஒலித்தடம், ஓடிடியில் சுருக்கியது. ஆனால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் உங்கள் காதுக்கு எட்டாது.

டிஸ்க் பக்கம் இருப்பவர்கள் சொல்லும் இன்னொரு வாதம் உரிமை. இதை நான் முழுக்க ஏற்கிறேன். இணையக் கடையில் “வாங்கு” பொத்தானை அழுத்தினாலும் பல சமயம் நீங்கள் பெறுவது பார்க்கும் அனுமதி மட்டும்தான். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் அப்படி அறிவித்து எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபக்கமும் உண்டு. பிளேயர் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆப்போ 2018-இல் நிறுத்தியது, சாம்சங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புதிய பிளேயர் இல்லை என்றது. எனவே ஓரிருமுறை பார்க்கும் படங்களுக்கு ஓடிடி, திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களுக்கு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வதுதான் என் யோசனை.

டிஸ்க் வாங்குவதானால் சில விஷயங்கள். 4கே டிஸ்க் பழைய ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. 4கே பிளேயரில் பழைய ப்ளூ-ரேவும் டிவிடியும் ஓடும். டிவிடிக்கும் ப்ளூ-ரேவுக்கும் மண்டலப் பூட்டு உண்டு (ஒரு பகுதிக்கென விற்றது வேறு பகுதிப் பிளேயரில் ஓடாது), 4கே டிஸ்க்குக்கு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரே பூட்டோடு இருக்கலாம். அப்புறம், டிஸ்க் பற்றிய கருத்தைப் படிக்கும்போது கதையைத் திட்டுகிறாரா, டிஸ்க்கைத் திட்டுகிறாரா என்று பிரியுங்கள். “படத்தில் மணல் மணலாகத் தெரிகிறது, 4கே மாதிரியே இல்லை” என்பது பிலிமில் எடுத்த படங்களுக்கு வரும் நிரந்தரப் புகார். அந்த மணல் பிலிமின் இயல்பு. அதைத் துடைத்தெடுத்த டிஸ்க்குகளில் முகங்கள் மெழுகு பொம்மை போல ஆகிவிடும், அதுதான் உண்மையான குறை. இன்னொரு விசித்திரமும் உண்டு: 35 மி.மீ. பிலிமில் எடுத்த பழைய படத்தை மறுபடி ஸ்கேன் செய்தால் நிஜமான 4கே கிடைக்கும். 2000-களில், 4கே-இல் ஏறக்குறைய கால் பங்கு புள்ளிகளே உள்ள 2கே-இல் டிஜிட்டலாக முடித்த படங்களைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்க்கில் போடுகிறார்கள். வயதை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் விஹெச்எஸ் டேப் இருந்தால் தள்ளிப்போடாமல் டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். அந்த டேப்பை ஓட்டும் விசிஆர் கருவியைச் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான புனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையவைதான்.

படி 6: கருத்துகளைச் சலிப்பது

இது சுருக்கமானது. வெளியான முதல் வாரத்துக் கருத்துகளைவிட ஆறு மாதம் கழித்து வந்தவற்றைப் படியுங்கள். மென்பொருள் அப்டேட்டில் சரியானதும் கெட்டதும் அவற்றில்தான் தெரியும். டெலிவரி தாமதம், பெட்டி நசுங்கியது பற்றிய ஒரு நட்சத்திரங்களைத் தாண்டிப் போங்கள். நடு நட்சத்திரங்களைக் கவனியுங்கள், குறையையும் நிறையையும் சேர்த்துச் சொல்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஒரே குறையைத் தொடர்பில்லாத பலர் ஒரே மாதிரி விவரித்தால் அது நிஜம். ஒளியையும் நிறத்தையும் கருவி வைத்து அளந்து எழுதுகிறவர்களின் எண்களோடு அதை ஒப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

படி 7: வாங்கிய பிறகு செட்டிங்

டிவி பெட்டியிலிருந்து வரும்போது கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ போன்ற மோடிலோ, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் மங்கல் மோடிலோ இருக்கும். இரண்டையும் விட்டு ‘பிலிம்மேக்கர் மோட்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சளடித்தது போலத் தோன்றும், ஓரிரு நாளில் கண் பழகிவிடும்.

அடுத்து மோஷன் ஸ்மூதிங்கை அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுவதால்தான் பெரிய படம்கூட மெகா சீரியல் போல வழுக்குகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணையுங்கள் என்று வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பிலிம்மேக்கர் மோட் அறிவிக்கப்பட்டது. ஓஎல்இடியில் முழுக்க அணைத்தால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகள் வெட்டி வெட்டி நகர்வதாகச் சிலர் சொல்வார்கள். அது உண்மை, புள்ளிகள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன. அப்படித் தெரிந்தால் மிகக் குறைந்த அளவில் மட்டும் வையுங்கள். நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 பிரேமை ஒன்றை இருமுறை, அடுத்ததை மும்முறை என்று காட்ட வேண்டியிருப்பதால் கூடுதல் தடுமாற்றம் வரும். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் ஐந்து முறை, சீராகப் போகும்.

ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலும் ஒரு மறைந்த செட்டிங் உண்டு. பல டிவிகளில் அந்தப் போர்ட்டை ‘என்ஹான்ஸ்டு’ போன்ற பெயருள்ள நிலைக்கு நாமே மாற்றினால்தான் பிளேயரிலிருந்து 4கே ஹெச்டிஆர் முழுமையாக வரும். “டிஸ்க் போட்டும் ஹெச்டிஆர் வரவில்லை” என்று எழுதுபவர்களில் பலருக்கு இதுதான் தீர்வாக இருக்கும். போர்ட்டில் ‘2.1’ என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து 4கே 120 ஹெர்ட்ஸ் உண்டு என்று முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணுக்குள் வரும் பல வசதிகள் கட்டாயமானவை இல்லை, வேண்டிய வசதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சவுண்ட்பார் வைத்திருந்தால், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இஆர்க் (eARC) என்று குறித்த போர்ட்டில்தான் சொருக வேண்டும். சினிமா மட்டும் பார்ப்பவருக்கு விலையுயர்ந்த கேபிள் வேண்டியதில்லை. நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் சான்றுபெற்ற கேபிள் போதும்.

படி 8: திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள்

உங்கள் தாளில் முதலில் எழுதியதை, உங்கள் வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டு, நடுவில் அழுக்குப் படிந்தது போலத் திட்டோ பட்டையோ தெரிகிறதா என்று கவனியுங்கள். புல்வெளியில் பந்து ஓடும்போது அதுதான் முதலில் உறுத்தும். பிறகு விளக்கை அணைத்து, கறுப்புத் திரையில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். எல்சிடியில் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும், படம் ஓடும்போது கண்ணில் படுகிறதா என்பதே கேள்வி. போனில் படமெடுத்து முடிவு செய்ய வேண்டாம். இருட்டில் போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தீப்பிடித்தது போலக் காட்டும். கருத்துகளில் அடுத்தவர் போட்டிருக்கும் இருட்டறைப் புகைப்படங்களும் அப்படி எடுத்தவைதான்.